பழைய அமெரிக்க வெள்ளி டாலர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய அமெரிக்க வெள்ளி டாலர்களை வைத்திருப்பவர்கள் எழுதிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஆகையால் பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த முதிய அம்மையார் ஊர் மாறிப் போகும்போது என் மகளுக்கு நினைவாக மூன்று பெரிய வெள்ளிக் காசுகளைக் கொடுத்தார். அவற்றில் 1881, 1921, 1922 என்ற ஆண்டுகள் உள்ளன. மிகப் பழையதுதான் விலை கூடியது என்கிறார் என் கணவர். அது சரியா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

அந்த அம்மையார் கொடுத்தது நல்ல பரிசு. ஆனால் உங்கள் கணவர் சொல்வது டாலர் நாணயங்களுக்குப் பொருந்தாது. ஆண்டு என்பது பாதிச் செய்தி மட்டுமே. எந்த நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச முடியும்.

முதலில் வகையைக் கண்டுபிடிப்போம். 1881ஆம் ஆண்டுக் காசில் இடப்பக்கம் நோக்கிய ஒரு பெண்ணின் தலையும், அவள் தொப்பிப் பட்டையில் சுதந்திரம் எனப் பொருள்படும் ‘லிபர்டி’ என்ற சொல்லும் இருக்கும். பின்பக்கத்தில் சிறகு விரித்த கழுகும் அதன் கீழே இலைவளையமும் இருக்கும். இதை வடிவமைத்தவர் ஜார்ஜ் மார்கன் என்பதால் இதற்கு மார்கன் டாலர் என்று பெயர். 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921இல் ஓராண்டும் இந்த வகை அடிக்கப்பட்டது. உங்கள் 1922ஆம் ஆண்டுக் காசு ‘பீஸ்’ டாலர், அதாவது முதல் உலகப் போருக்குப் பின் வந்த அமைதியின் நினைவாக அடிக்கப்பட்டது. அதில் பெண்ணின் தலையில் கதிர்கள் சூடிய முடி இருக்கும். பின்பக்கத்துக் கழுகு சிறகை மடக்கிப் பாறைமேல் அமர்ந்திருக்கும். 1921ஆம் ஆண்டில் இவ்விரு வகைகளும் அடிக்கப்பட்டன என்பதால், உங்கள் மூன்று காசுகளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அந்த ஆண்டின் மார்கன் பிலடெல்பியா நாணயச்சாலையில் மட்டுமே 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. பீஸ் டாலரோ டிசம்பர் மாதக் கடைசியில் தொடங்கிச் சுமார் 10 லட்சம்தான் அடிக்கப்பட்டது. அந்த ஓராண்டுக் காசில் மட்டும் உருவம் மிகவும் மேடாக எழும்பி நிற்கும் என்பதால் சேகரிப்பவர்கள் அதைத் தனியாகத் தேடுகிறார்கள்.

அடுத்ததாகக் காசைத் திருப்பி, ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாணயச்சாலைக் குறியைத் தேடுங்கள். மார்கனில் அது இலைவளையத்தின் அடி முடிச்சுக்குக் கீழே, ‘டாலர்’ என்ற சொல்லுக்குச் சற்று மேலே இருக்கும். பீஸ் டாலரில் அது ‘ஒன்’ என்ற சொல்லின் அடியில் கடுகளவுக்குத் தெரியும். எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோ. ‘ஓ’ என்றால் நியூ ஆர்லியன்ஸ். ‘டி’ என்றால் டென்வர். இரண்டு ‘சி’க்கள் சேர்ந்து நின்றால் நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டி. இந்தச் சிறு எழுத்து எவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது என்பதற்கு 1889ஆம் ஆண்டைப் பாருங்கள். எழுத்தில்லாத 1889 டாலர் 2 கோடியே 17 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது, இன்றும் எளிதில் கிடைக்கிறது. அதே ஆண்டின் கார்சன் சிட்டிக் காசு மூன்றரை லட்சம் மட்டுமே அடிக்கப்பட்டு, இப்போது அந்த வரிசையிலேயே மிக அரிதானவற்றில் ஒன்றாக இருக்கிறது.

உங்கள் 1881இல் ‘எஸ்’ இருக்குமானால் அது அரிய காசு அன்று. 1 கோடியே 27 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. ஆனாலும் அதை அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். அந்த ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த காசுகளைப் போலக் கூர்மையாகவும் பளபளப்பாகவும் வேறெங்கும் வழக்கமாக அடிக்கவில்லை என்பது என் கருத்து. கழுகின் நெஞ்சு இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றனவா, பெண்ணின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள் மழுங்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் தெளிவாக இருந்தால் அது கைமாறாத காசாக இருக்கக்கூடும்.

கீழ்மட்ட விலையை நீங்களே கணக்கிடலாம். மார்கனும் பீஸும் 26.73 கிராம் எடை கொண்டவை. நம் நகைக்கடை மொழியில் சொன்னால் 90 டச் வெள்ளி. ஆகவே ஒரு காசில் ஏறக்குறைய 24.06 கிராம், அதாவது 0.7734 டிராய் அவுன்ஸ் தூய வெள்ளி இருக்கிறது. அவுன்ஸ் 30 டாலருக்கு விற்கும் நாளில் அதன் வெள்ளி மதிப்பு மட்டுமே 23 டாலர் 20 சென்ட். மிகவும் தேய்ந்த காசுக்கும் இதற்கு மிகக் குறைவாக யாராவது விலை சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் தகப்பனார் அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த டாலர் ஒன்று கறுத்துப்போயிருக்கிறது. குத்துவிளக்கு துலக்குவதைப் போல விபூதி போட்டுத் தேய்க்கலாமா? விற்பதற்கு முன் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?
– வாசகி, திருநெல்வேலி

தயவுசெய்து தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பல்பொடி, கடையில் விற்கும் வெள்ளித் துலக்கி ஆகிய எதுவும் வேண்டாம். இந்தப் பகுதியில் நான் எழுதுவதில் வேறு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். அச்சுக்கும் அச்சுக்கும் இடையில் வெள்ளித் தகடு அழுத்தப்படும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளைக் காசின் மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. தேயாத ஒரு மார்கன் டாலரை மேசை விளக்கின் கீழே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலக் காசைச் சுற்றி ஓடும். அந்த ஓட்டத்தைத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். விபூதி எவ்வளவு மென்மையானது என்றாலும் அதன் துகள் அந்த வரிகளை அறுத்துவிடும். பிறகு காசு வெளுப்பாகத் தெரியும், வெளிச்சம் மட்டும் ஓடாது. தட்டையாக ஒரே இடத்தில் நிற்கும். பழகிய கண்ணுக்கு அது ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். ஒருமுறை ஒரு குடும்பத்தார் பண்டிகைக்கு முன் பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துத் துலக்கிய ஏழு டாலர்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஏழின் கன்னத்திலும் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. அவற்றில் இரண்டேனும், துலக்கப்படுவதற்கு முன் மிக நல்ல நிலையில் இருந்திருக்க வேண்டும். வெள்ளி எடைக்குக் கொஞ்சம் மேலே விலை சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

கறுப்பு என்பது அழுக்கு அன்று. காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்வதால் உண்டாகும் மெல்லிய படலம் அது. சில காசுகளில் அது நீலமும் ஊதாவும் கலந்து அழகாகப் படரும்; அப்படிப்பட்டவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. ரப்பர் பட்டை போட்டுக் கட்டாதீர்கள், அதில் கந்தகம் இருக்கிறது. பி.வி.சி. உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சை நிறப் பிசுபிசுப்பு காசில் ஒட்டும். அப்படி ஒட்டியிருந்தால் மட்டும் தூய அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து, துடைக்காமல் தானாக உலரவிடலாம். நகப்பூச்சு அகற்றும் திரவத்தை அதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். காசை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

எங்கள் பாட்டனார் பினாங்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அவருடைய பெட்டியில் 1877 என்று ஆண்டு குறித்த ஓர் அமெரிக்கக் காசு இருக்கிறது. ஒரு பெண் மூட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறாள். காசின் மேல் சீன எழுத்துகளைப் போலச் சிறு சிறு முத்திரைகள் குத்தப்பட்டிருக்கின்றன. யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறோம்.
– வாசகர், காரைக்குடி

பாழாக்கவில்லை, ஐயா. அந்த முத்திரைகள்தாம் அந்தக் காசு எங்கெல்லாம் போய்வந்தது என்பதற்குச் சாட்சி.

உங்களிடம் இருப்பது ‘ட்ரேடு டாலர்’ எனப்படும் வணிக டாலர். சீன வணிகத்தில் அப்போது மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசே கோலோச்சியது. அதனோடு போட்டியிடுவதற்காக அமெரிக்கா 1873இல் இந்தக் காசை வெளியிட்டது. உள்நாட்டு டாலர் 412.5 கிரெயின் எடை கொண்டதாக இருக்க, இதை 420 கிரெயினாக, அதாவது 27.22 கிராமாகச் சற்றுக் கூட்டி அடித்தார்கள். காசின் பின்பக்கத்திலேயே ‘420 கிரெயின், 900 தூய்மை’ என்ற பொருளில் பொறித்திருப்பார்கள்; எடையையும் மாற்றையும் தானே சொல்லிக்கொள்ளும் அமெரிக்கக் காசு அபூர்வம். சீனத் துறைமுகங்களில் காசைச் சோதித்து வாங்கும் பணியைச் செய்தவர்கள், வெள்ளி நல்லது என்று கண்டதும் தங்கள் கடை முத்திரையை அதன்மேல் குத்தினார்கள். அவர்களை ஆங்கிலேயர் ‘ஷ்ராஃப்’ என்று அழைத்தார்கள். நம் ஊரில் சராப்புக் கடை என்கிறோமே, அதே சொல்தான் கடல் கடந்து போயிருக்கிறது. காசு கைமாறக் கைமாற முத்திரைகளும் கூடின. முன்பு இவற்றைச் சேதம் என்று தள்ளினார்கள். இன்று முத்திரை குத்திய வணிக டாலர்களை மட்டுமே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், காசைச் சோதித்துத் தரம் குறித்துத் தரும் தரச்சான்று நிறுவனங்களும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ஆசியச் சந்தையில் போலி அதிகமாக உலவும் அமெரிக்கக் காசுகளில் இந்த வகையும் ஒன்று, போலியிலும் முத்திரை குத்தி வைக்கிறார்கள். 1873க்கு முந்திய ஆண்டு பொறித்த வணிக டாலர் எதுவானாலும் அது பொய். பாட்டனார் காலத்திலிருந்தே பெட்டியில் இருப்பது உங்கள் காசுக்கு நல்ல அடையாளம் என்றாலும், 27.22 கிராமுக்கு அருகில் எடை நிற்கிறதா என்று துல்லியத் தராசில் பார்த்துவிடுங்கள். புழக்கத்தில் தேய்ந்திருந்தால் சிறிது குறையலாம். 22 கிராம், 24 கிராம் என்று காட்டினால் ஐயப்பட வேண்டும்.

ஒருவர் 1893 எஸ் டாலரை மலிவு விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– வாசகர், டொராண்டோ

ஓரளவுக்கு உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் காசு மார்கன் வரிசையிலேயே மிகக் குறைவாக, 1 லட்சம் மட்டுமே, புழக்கத்துக்கு அடிக்கப்பட்டது. அதை மலிவாகத் தருகிறார் என்பதே முதல் சோதனையில் தோற்றுவிட்டது என்று பொருள்.

வலுவான காந்தத்தை அருகில் கொண்டுபோனால் வெள்ளி ஒட்டாது. எடை 26.73 கிராமுக்கும் விட்டம் 38.1 மில்லிமீட்டருக்கும் அருகில் இருக்க வேண்டும். இவற்றையும் தாண்டிவிடும் போலிகளுக்கு நீர்ச் சோதனை உதவும். தராசின் மேல் ஒரு குவளை நீரை வைத்து எடையைப் பூச்சியமாக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். 90 டச் வெள்ளியாக இருந்தால் தராசு ஏறக்குறைய 2.6 கிராம் காட்டும். அதே எடையில் பித்தளையாலோ நிக்கல் கலவையாலோ செய்த காசு 3 கிராமைத் தாண்டும்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிடும் ஒரு மோசடி இருக்கிறது. உண்மையான, மலிவான, எழுத்தில்லாத 1893 டாலரை எடுத்து, வேறொரு காசிலிருந்து சீவிய ‘எஸ்’ எழுத்தைப் பின்பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். ஒரு கண்காட்சியில் அப்படிப்பட்ட ஒன்று என் கைக்கு வந்தது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் எழுத்தின் அடியைச் சுற்றிப் பார்த்தபோது மயிரிழை அகலத்தில் ஒரு கறுத்த கோடு தெரிந்தது. அச்சில் அடித்த எழுத்தென்றால் அது காசின் தளத்திலிருந்தே எழும்பியிருக்கும், அடியில் கோடு இருக்காது. இந்த ஒரு காசுக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் முன்பக்கத்துக்கு ஒரே ஓர் அச்சைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே உண்மையான எல்லாக் காசுகளிலும் தொப்பிப் பட்டையிலுள்ள ‘லிபர்டி’யின் ‘டி’ எழுத்துத் தலையில் ஒரே மாதிரியான நுண்ணிய எழும்பிய கீறல் இருக்கும். மிகத் தேய்ந்த காசில் அது மறைந்திருக்கலாம். எப்படியாயினும் சான்று பெற்ற உறையில் இல்லாத 1893 எஸ் டாலரை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான அறிவுரை.

கோடிக்கணக்கில் வெள்ளி டாலர்களை அரசே உருக்கிவிட்டதாகப் படித்தேன். ஏன் உருக்கினார்கள்? எஞ்சியவை எவ்வளவு என்று தெரியுமா?
– வாசகர், சேலம்

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். ஏனென்றால் இதன் விடையில் பெரும்பகுதி நம் நாட்டில் இருக்கிறது.

முதல் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்து பிரிட்டன் ஏராளமான பொருள்களை வாங்கியது. அதற்கான பணம் இங்கே வெள்ளி ரூபாயாகக் கொடுக்கப்பட வேண்டியிருந்தது. அரசு வெளியிட்ட காகித நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெள்ளி ரூபாய் தர வேண்டும் என்பது விதி. வெள்ளித் தட்டுப்பாட்டால் 1917இலேயே ஒரு ரூபாய்க்கும் நோட்டு அடித்துப் பார்த்தார்கள். மக்களோ வெள்ளியைத்தான் நம்பினார்கள். 1918இன் தொடக்கத்தில் நோட்டை மாற்ற வந்த கூட்டம் பெருகப் பெருக, கருவூலத்து வெள்ளி கரைந்துகொண்டே போனது. அது தீர்ந்து நோட்டு மதிப்பிழந்திருந்தால் போர்க்காலத்தில் அரசே ஆட்டம் கண்டிருக்கும்.

அப்போது அமெரிக்கக் கருவூலத்தில் கோடிக்கணக்கான மார்கன் டாலர்கள் மூட்டை மூட்டையாகச் சும்மா கிடந்தன. நெவாடா மாநிலத்துச் செனட்டர் கீ பிட்மன் பெயரால் வழங்கும் சட்டம் 1918 ஏப்ரலில் நிறைவேறியது. அதன்படி 27 கோடியே 2 லட்சத்து 32 ஆயிரத்து 722 டாலர்கள் உருக்கப்பட்டன; அவற்றில் ஏறத்தாழ 25 கோடியே 91 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. கட்டிகளாக வந்த அந்த வெள்ளி இங்கே ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ரூபாய்களாக மாறியது. ஒரு ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி என்பதால், ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். ஆகவே 1918, 1919ஆம் ஆண்டு ரூபாய் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் வெள்ளி ஒரு காலத்தில் மார்கன் டாலராக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வந்துவிடுகிறது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. உருக்கிய அளவுக்கு அமெரிக்கச் சுரங்க வெள்ளியை வாங்கி மீண்டும் டாலர் அடிக்க வேண்டும். பதினேழு ஆண்டுகள் நின்றிருந்த மார்கன் டாலர் 1921இல் திரும்பி வந்ததற்கும், அதைத் தொடர்ந்து பீஸ் டாலர் பிறந்ததற்கும் காரணம் இதுதான். எடிசன் வாசகியின் மகளிடமுள்ள 1921ஆம் ஆண்டுக் காசுக்கும் இந்தியாவுக்கும் இவ்வளவு உறவு இருக்கிறது.

உருக்கியவர்கள் எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்று கணக்கு வைக்கவில்லை. ஆகையால் அடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்து எஞ்சியவை எவ்வளவு என்று சொல்ல முடியாது. 1903 ஓ டாலரே இதற்குப் பாடம். 44 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டும் கண்ணில் படாததால் எல்லாம் உருகிவிட்டது என்று நம்பி, அதை மிக உயர்ந்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1962 இறுதியில் கருவூலம் மூட்டைகளை வெளியே எடுத்தபோது அவற்றுள் புத்தம்புதிய 1903 ஓ டாலர்கள் கொட்டின. விலை தலைகுப்புற விழுந்தது.

என்னிடம் 1972, 1978ஆம் ஆண்டு ஐசன்ஹோவர் டாலர்கள் பத்து இருக்கின்றன. இவையும் வெள்ளியா? தரச்சான்று வாங்கி விற்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பெரும்பாலும் வெள்ளி அல்ல. புழக்கத்துக்கு வந்த ஐசன்ஹோவர் டாலர்கள் செம்பும் நிக்கலும் சேர்ந்தவை, எடை 22.68 கிராம், விளிம்பில் செம்பு வரி தெரியும். சேகரிப்பவர்களுக்கென்று சான் பிரான்சிஸ்கோவில் அடித்த சில ஆண்டுக் காசுகள் மட்டும் 40 விழுக்காடு வெள்ளி கொண்டவை, அவை 24.59 கிராம் நிற்கும். 1972 எஸ் இருந்தால் எடைபோட்டுப் பாருங்கள். 1978இல் வெள்ளிக் காசு அடிக்கவில்லை.

சான்று கட்டணம் காசின் விலையையே தின்றுவிடும் என்பதால் இவற்றுக்குத் தரச்சான்று தேவையில்லை. அமெரிக்காவில் 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் குறித்து, காசை உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து இயங்குகின்றன. எண் 63இலிருந்து 66க்கு ஏறும்போது சில ஆண்டுக் காசுகளின் விலை பல மடங்காகும், வேறு சிலவற்றில் அசையவே அசையாது. கார்சன் சிட்டிக் காசு, தேயாத 1921 பீஸ், தெளிவாக இருக்கும் 1870களின் வணிக டாலர் போன்றவற்றுக்குச் சான்று பெறுவது நியாயமான செலவு. 1970களில் அமெரிக்க அரசே விற்ற கார்சன் சிட்டி டாலர்கள் கறுப்புப் பட்டையிட்ட கெட்டி நெகிழிப் பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டியோடு இருந்தால் மதிப்பு கூடும், அதை உடைத்துத் திறந்துவிடாதீர்கள். துளையிட்ட காசும், காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசும் வெள்ளி எடைக்கு அருகிலேயே விலைபோகும்; வளையத்தை அறுத்தெடுத்தாலும் பற்றவைத்த தழும்பு விளிம்பில் நிற்கும்.

இந்தியாவில் இருக்கும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகவே கருதப்படும். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே காரைக்குடி வாசகர் தம்முடைய 1877ஆம் ஆண்டுக் காசைச் சான்றுக்காக அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்ப எண்ணியிருந்தால் அதைக் கைவிடவும். சென்னையிலும் மற்ற நகரங்களிலும் நாணயச் சேகரிப்பாளர் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்கு அதை எடுத்துச் சென்று, குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டி, யாரிடமும் முன்னவர் சொன்ன விலையைச் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள்.